மாப்பிள்ளைச் சோற்றில் கருவாடு

புள்ள,

குசினியில் கோதுமை மாப் பசை காய்கிறது. பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ படம் ஒட்டும் வேலையாம். மாவும் தண்ணீரும் கொதித்து அடியில் இலேசாகப் பிடிக்கும் அந்த வாசனை சாய்வு நாற்காலி வரைக்கும் வந்து என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது. "கடையில பசைக் குப்பி விக்குதே மகள், என்னத்துக்கு இந்தப் பாடு?" என்று அவளிடம் கேட்டேன். "மூத்தம்மா இப்பிடித்தான் காய்ச்சக் காட்டித் தந்தா" என்றாள், உன்னைத்தான்.

மடியில் ஒரு வெள்ளைத் தாள் கிடக்கிறது. புதிதாகக் கதை எழுத வருகிறவர்களுக்கு நூலகத்தில் நான் பேச வேண்டுமாம். எழுதுவது எப்படி, திருத்துவது எப்படி, பத்திரிகையில் வரச் செய்வது எப்படி என்று தலைப்புகளையும் அவர்களே போட்டுத் தந்திருக்கிறார்கள். காலையிலிருந்து தலைப்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தத் தலைப்புக்குக் கீழேயும் உன்னைத் தவிர வேறு ஒன்றும் எழுத வரவில்லை. ஆகவே பேச்சை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு உனக்கே எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் எனக்குச் சாய்ந்தமருதில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. உங்கள் வீட்டு மாப்பிள்ளையாகக் கல்முனைக்குடிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். கடை மூடியதும் கதை எழுதுவேன். எழுதிய கதைகளைக் கொழும்புக்கு அனுப்புவேன். அவையும் கொழும்பைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். 'பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று அச்சடித்த துண்டு ஒன்று உள்ளே இருக்கும். உறை தடிப்பாக இருந்தால் கதை திரும்பிவிட்டது என்பது தபால்காரனுக்கே தெரிந்துபோய், அவன் என் முகத்தைப் பார்க்காமல் நீட்டப் பழகிவிட்டான். கதவுக்குப் பின்னாலிருந்து மாமி தன் மகளான உன்னிடம், "மாப்பிள்ளைக்கு ஆரு புள்ள இவ்வளவு பெரிய கடுதாசி போடுற?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. நீ என்ன பதில் சொன்னாய் என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அஞ்சாம் வகுப்போடு உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்துவிட்டார்கள். அதற்குப் பழிவாங்குவது போலக் கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாசிப்பாய். கடையிலிருந்து நான் கொண்டுவரும் சாமான் சுற்றிய பத்திரிகைத் துண்டைக்கூட நீவி விரித்து வாசித்துவிட்டுத்தான் சீனியைப் போத்தலில் கொட்டுவாய். அசர் தொழுகைக்குப் பிறகு நீ சுளகில் அரிசி புடைக்க, நான் எதிரே இருந்து என் கதையை வாசித்துக் காட்டுவேன். கதை நன்றாகப் போகும் இடத்தில் சுளகு நிற்கும். மோசமான இடத்தில் அது பாட்டுக்குப் போகும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நெடுநாள் ஆனது. அந்த நாட்களில் நம் வீட்டு அரிசியில் ஒரு கல்லும் இருந்ததில்லை.

பெண் வண்டியேறும் கதையை வாசித்த நாள் நினைவிருக்கிறதா? கலியாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போகிற பெண். வாசலில் மாட்டு வண்டி நிற்கிறது. தாயைக் கட்டிக்கொண்டு பக்கம் பக்கமாக அழுகிறாள். வாசிக்கும்போது எனக்கே அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், நீ முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

"என்ன சிரிப்பு?"

"இல்ல மச்சான், இந்தப் பொண்ணு எங்க போற?"

"மாப்பிள்ளை வீட்டுக்கு."

"என்னத்துக்கு? அவளுக்கு வீடு வளவு இல்லையா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கதை எண்டா அப்பிடித்தான்" என்றேன். "எந்த ஊர்க் கதை?" என்று கேட்டாய். நம் ஊரில் வீடு பெண்ணுக்கு. பெண் பிறந்த வளவிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் தன் உம்மாவின் வீட்டை விட்டு வருவான். பைத் பாட்டுப் பாடி, குடை பிடித்து, குரவையிட்டு என்னையும் அப்படித்தான் கொண்டுவந்து சேர்த்தார்கள். என் டிரங்குப் பெட்டி அப்போதும் உன் அறை மூலையில் இருந்தது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு பெண்ணை மாட்டு வண்டியில் ஏற்றி அழவிட்டிருக்கிறேன். வெளியூர்ச் சஞ்சிகைகளில் வாசித்த கதைகளில் எல்லாம் பெண்தான் போனாள். ஆகவே கலியாணக் கதை என்றால் பெண் போக வேண்டும் என்று என் மண்டையில் ஏறிவிட்டது.

"நம்மட ஊரில அழுதுக்கிட்டு வீட்ட விட்டுப் போறது நீங்கதானே மச்சான்" என்றாய்.

"நான் எங்க அழுத?"

"உங்கட உம்மா சொன்னா."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். நீ விடவில்லை. "அழுதத எழுத வெக்கமெண்டா, பசி கிடந்ததையாவது எழுதுங்க" என்றாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது உனக்குத் தெரியும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

புது மாப்பிள்ளைக்கு முன்னால் மாமி வரமாட்டார். அறைக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுதான் எல்லாம். சோறும் கறியும் நீ கொண்டுவந்து வைப்பாய். நான் பாயில் தனியே இருந்து சாப்பிடுவேன். "இன்னும் வைக்கட்டா?" என்று கேட்பாய். வயிறு 'வை' என்னும். வாய் "போதும்" என்னும். புது மாப்பிள்ளை இரண்டாம் முறை சோறு கேட்டால் மறுநாள் மஃரிப் தொழுகைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று எனக்குப் பயம். அரை வயிற்றோடு எழும்பிவிட்டு, மறுநாள் பகல் சைக்கிளை உம்மா வீட்டுப் பக்கம் திருப்பி, மூச்சு முட்டத் தின்றுவிட்டு வருவேன். யாரும் காணவில்லை என்று நினைத்திருந்தேன்.

"உங்கட சைக்கிள் உம்மா வீட்டு வேலியில சாத்திக் கிடக்கிறத ஊரே பாக்குது" என்றாய்.

அந்தக் கதையை நான் ஒரே மூச்சில் எழுதினேன். வாசித்தபோது தொடக்கத்திலேயே சுளகு நின்றது, கடைசி வரைக்கும் அசையவில்லை. முடித்துவிட்டு உன் வாயிலிருந்து 'நல்லா இருக்கு' என்று வரும் என்று காத்திருந்தேன்.

"அரைவாசிதான் எழுதியிருக்கிறீங்க."

"முடிச்சிட்டேனே?"

"கதவுக்கு இந்தப் பக்கம் முடிச்சிட்டீங்க. அந்தப் பக்கம்?"

பிறகுதான் சொன்னாய். நான் "போதும்" என்ற ஒவ்வொரு நாளும் மாமி திரைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டிருக்கிறார். போய்ப் பானை மூடியைத் திறந்து மிச்சச் சோற்றைப் பார்ப்பாராம். "என்ட கை ருசி மாப்பிள்ளைக்குப் புடிக்கல்ல" என்று கலங்குவாராம். நாளுக்கொரு கறி மாற்றிப் பார்த்தார். கரைவலை இழுக்கும் நேரத்துக்கு ஆளனுப்பித் துடிக்கத் துடிக்க மீன் எடுப்பித்தார். கடைசியில், மாப்பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிருக்கும் என்று முடிவு கட்டி, பள்ளிவாசல் லெவ்வையிடம் தண்ணீர் ஓதி வாங்கி என் தேத்தண்ணியில் கலக்கச் சொல்லியிருக்கிறார். எத்தனையோ நாள் அதைக் குடித்திருக்கிறேன். ஏன் எனக்கு மட்டும் ஆறின தேத்தண்ணி வருகிறது என்ற கேள்விக்கு அன்றைக்குத்தான் விடை கிடைத்தது.

முதலில் வயிறு குலுங்கச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. நான் பாதியில் எழும்பின கவலையில் மாமியும் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நீ சொன்னாய். நிறைந்த பானையை வைத்துக்கொண்டு ஒரு கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் பசி கிடந்திருக்கிறோம். நடுவில் நீ அகப்பையோடு நின்றிருக்கிறாய்.

"நீ ஏன் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேருட மானமும் என்ட கையில கிடந்திச்சு. எதப் போட்டு உடைக்கிற?"

நான் மறுபடி எழுதினேன். இந்த முறை மாப்பிள்ளையும் இருந்தான், மாமியும் இருந்தார். நான் கட்டி அணைத்துக்கொண்டிருந்த சில நல்ல வரிகளுக்கு இடமில்லாமல் போனது. முழுக்கதையையும் திரும்பத் திரும்பப் படியெடுக்க எனக்குப் பஞ்சியாக, சோம்பலாக இருந்தது. நீதான் கத்தரிக்கோலை எடுத்தாய். எழுதிய தாளைப் பந்தி பந்தியாக வெட்டிப் பாயில் பரப்பினாய். இதை முன்னால் வை, அதைப் பின்னால் வை என்று நாம் சண்டை பிடித்தோம். ஒத்துக்கொண்டதை மட்டும் பசை தடவி ஒட்டினோம். கதையின் தொடக்கத்தில் கடற்கரையில் சூரியன் உதிப்பதை நான் வெகு பிரமாதமாக எழுதியிருந்தேன். "கடல் எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை எப்ப வாறான்?" என்று ஒரே வெட்டாக வெட்டினாய். காற்றில் வளவுக்குப் பறந்த அந்தத் துண்டை ஆட்டுக்குட்டி கவ்விக்கொண்டது. நான் பாய்ந்து போவதற்குள் பாதிச் சூரியன் போய்விட்டது. "பாத்தீங்களா, அதுக்குத்தான் புடிச்சிருக்கு" என்றாய்.

கதை சரியாக வந்துவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரிந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் வந்தது. உறையில் போட்டு முகவரி எழுதியிருந்தேன். நீ அதை எடுத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. இது உன் உம்மாவின் குசினி. என் பெயரோடு பத்திரிகையில் வந்தால், இந்த வீட்டில் மாப்பிள்ளை பட்டினி கிடந்தான் என்று ஊர் பேசும். வீடு பெண்களுடையதாக இருக்கும் ஊரில் சோற்றுப் பானையின் மானமும் அவர்களுடையதுதான். புனைபெயரில் அனுப்புகிறேன் என்றேன்.

"பேர மட்டும் மாத்தினாக் காணுமா? வேலியில சைக்கிள் சாத்திக் கிடக்கே. உம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க. அவ வேணாமெண்டா வேணாம்."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இத்தனை நாள் எழுதியதில் உண்மையாக நான் எழுதிய முதல் கதை அது. அதைத் திரைக்குப் பின்னாலிருந்து வரும் ஒரு வார்த்தைக்கு விட்டுவிடச் சொல்கிறாய். ஆனாலும் நீ சொன்னதில் ஒரு பிழையும் காண முடியவில்லை.

ஒரு பகல் நேரம், திரையைப் பார்த்தபடி பாயில் உட்கார்ந்து வாசித்தேன். மாமி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நீ வழக்கம்போல நிலையில் சாய்ந்து நடுவில். ஓதின தண்ணீர் வரும் இடத்தில் உள்ளே பாக்கு இடிக்கும் சத்தம் நின்றது. முடித்துவிட்டுத் தாளை மடித்தேன். பிறகு திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாப்பிள்ளைக்கிட்ட கேளு புள்ள, அந்தக் கதையில மாப்பிள்ளைக்கு முதல் நாள் கருவாட்டுக் கறியா வச்ச?"

வாசிக்கிறவர்கள் இரங்கட்டும் என்று நான்தான் கருவாட்டை வைத்திருந்தேன். "அது கதைக்காகப் போட்ட" என்று முனகினேன்.

"அல்லாவே! புது மாப்பிள்ளைச் சோத்துக்குக் கருவாடா? ஊர் காறித் துப்பாதா? நெய்ச்சோறு ஆக்கி, கோழி அறுத்து, கத்தரிக்காப் பால்கறி வச்சு, மறுகா எருமத் தயிரும் வச்ச நான். கோழிய எழுதச் சொல்லு."

"அனுப்பட்டா, வேணாமா உம்மா?" என்று நீ கேட்டாய்.

"நடந்ததுதானே. அவரும் பசி கிடந்திருக்கார், நானும் கிடந்திருக்கன். கோழிய உட்டுடாம அனுப்பச் சொல்லு."

பாக்கு இடிக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது. எனக்கு எழும்பிப் போய் மாமியின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அது நடக்கிற காரியமல்ல. ஆகவே தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போனேன்.

பின்னால் நீ வந்தாய். "உம்மா சொன்னதுதான் சரி மச்சான். கருவாட்ட வச்சா அது இல்லாதவங்கட வீட்டுக் கதை. கோழியும் தயிரும் முன்னால கிடக்கத்தக்க பசியோட எழும்பினாத்தான் அது நம்மட கதை." கதை எழுதுவது பற்றி எத்தனையோ பேர் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிதாக எவரும் ஒன்றும் சொன்னதில்லை. கருவாட்டுக்கு மேலே கோழியை ஒட்டி, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் துப்புரவாகப் படியெடுத்து அனுப்பினோம்.

இந்த முறை வந்த உறை மெல்லியது. ஆசிரியர் தன் கைப்பட எழுதியிருந்தார். கதை நன்றாக இருக்கிறதாம். ஆனால் ஆண் ஏன் பெண் வீட்டுக்குப் போய் இருக்கிறான் என்பது மற்ற ஊர் வாசகர்களுக்கு விளங்காதாம். வீட்டோடு மாப்பிள்ளை, உருப்படாதவன் என்று நினைத்துவிடுவார்களாம். மாப்பிள்ளையை மருமகளாக மாற்றி, அவளை மாப்பிள்ளை வீட்டில் பசி கிடக்க வைத்தால் உடனே போடுவதாக எழுதியிருந்தார்.

நான் மாற்றத் தயாராகிவிட்டேன், புள்ள. என் பெயரை அச்சில் காணும் ஆசை அப்படி இருந்தது. "ஒரு சின்ன மாத்தம்தானே" என்று பேனாவையும் எடுத்துவிட்டேன்.

நீ சத்தம் போடவில்லை. "அப்ப உம்மா எங்க நிப்பா?" என்று மட்டும் கேட்டாய்.

எனக்கு விளங்கவில்லை.

"மருமகளுக்கு முன்னால மாமி வருவாதானே? வந்து நிண்டு, சட்டியில கிடக்கிறத அவவே போடுவாதானே? மறுகா கதவு எங்க, திரை எங்க? உம்மா வெக்கத்த உட்டுட்டு ஓமெண்டது அந்தக் கதவுக்காக. அதக் கழட்ட நீங்க ஆரு?"

உன்னை அப்படி ஒரு கோபத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. பேனாவைக் கீழே வைத்தேன். நீ ஆசிரியரின் கடிதத்தை எடுத்து மறுபடி மெதுவாக வாசித்தாய். "இந்த மனிசன் சொல்ற நோவு உண்மை மச்சான். மருந்துதான் பிழை. அவருக்கு விளங்கல்ல. விளங்கப்பண்ணுங்க" என்றாய். கதையின் தொடக்கத்தில் இரண்டு வரி சேர்த்தோம்: 'எங்கள் ஊரில் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவான். வந்தவன் முகத்தை மாமி பார்ப்பதில்லை.' அவ்வளவுதான். வேறு ஒன்றையும் தொடாமல் திருப்பி அனுப்பினோம்.

நாட்கள் போயின. கதை கைவிட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்முனைச் சந்தியில் பஸ்ஸிலிருந்து பத்திரிகைக் கட்டு இறங்க, கடைக்காரர் பிரித்துப் போட, முழுக்கதையும் அப்படியே கிடந்தது. மேலே என் பெயர். சைக்கிளில் ஏறினேனா, அதைத் தள்ளிக்கொண்டு ஓடினேனா என்று நினைவில்லை. நீ திரைக்குப் பின்னால் போய் மாமிக்கு வாசித்தாய். முதல் வரி முடிவதற்குள் "கோழி இருக்கா?" என்று மாமி கேட்டார். "இருக்கு உம்மா" என்றாய்.

ஊர் காறித் துப்பவில்லை. அந்த வருடம் நம் பக்கத்தில் மாப்பிள்ளையான எவனும் பசி கிடக்கவில்லை என்றுதான் கேள்வி. வீட்டுக்கு வீடு திரைக்குப் பின்னாலிருந்து, "இன்னும் போடு புள்ள, இல்லாட்டிப் பேப்பரில வந்திடும்!" என்ற குரல் கேட்டதாம். நான் மாமியின் சோற்றை வெட்கமில்லாமல் இரண்டாம் முறை வாங்கித் தின்னப் பழகினேன். தேத்தண்ணியும் சூடாக வந்தது.

அதற்குப் பிறகு நான் எழுதியதில் உன் கத்தரிக்கோல் படாதது எதுவும் இல்லை. முதல் புத்தகம் வந்தபோது உனக்கு நன்றி என்று எழுதினேன். அந்த வரியையும் நீயே வெட்டினாய். "உள்ளுக்க நான் கிடக்கன்தானே, வெளியில என்னத்துக்கு?" என்றாய். இன்றைக்கு வெட்ட நீ இல்லை. ஆகவே சொல்கிறேன்: என்னை எழுத்தாளன் என்று யாராவது சொன்னால் அதில் நீ செய்தது பெரும்பங்கு. அல்லாஹ் உன் கப்றை விசாலமாக்கி வைக்கட்டும்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் சாய்ந்தமருதிலிருந்து என் தம்பி வந்தான். "காக்கா, பொஞ்சாதி இல்லாத வீட்டில மாப்பிள்ளைக்கு என்ன வேலை? நம்மட உம்மா வீட்ட வாங்க" என்றான். நம் வழக்கப்படி அவன் சொன்னது ஞாயம்தான். வீடு இப்போது மகளுடையது. அவள் குசினி வாசலில் நின்றாள். 'இருங்க' என்று சொல்லவில்லை. அவளுக்கும் நான் போவதுதான் வசதி என்று எடுத்துக்கொண்டேன். சட்டைகளை மடிக்கத் தொடங்கிவிட்டேன். மடித்துக்கொண்டிருக்கும்போது உன் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கம்?

எழும்பிப் போய்க் கேட்டேன். "மகள், உனக்கு ஒண்டும் சொல்லக் கிடையாதா?"

"சின்ன வாப்பாவோட போகத்தான் உங்களுக்கு விருப்பமெண்டு நினைச்சன் வாப்பா. மறிச்சா நோகுமெண்டு பேசாம நிண்டன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டாள். நானும்தான். கேட்காமல் விட்டிருந்தால் நான் அங்கே போயிருப்பேன், அவள் இங்கே இருந்திருப்பாள், இரண்டு பேரும் மற்றவர் விரும்பியதைத்தான் செய்தோம் என்று நினைத்துக்கொண்டே காலம் முடிந்திருக்கும். கதைக்கென்று நீ தந்த கேள்வி என்னை வீட்டில் வைத்திருக்கிறது.

இந்த மடலை இப்போது சத்தமாக வாசித்துப் பார்த்தேன். எல்லாம் நான் கண்டது, நான் கேட்டது, நான் நினைத்தது. அந்த வருடங்களில் கதவு நிலையில் அகப்பையோடு நின்ற உனக்கு எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இல்லை. நான் உன்னிடம் அதைக் கேட்டதே இல்லை. அரைவாசிதான், எனக்கே தெரிகிறது. மற்ற அரைவாசி இல்லாமல் நான் எழுதி முடிப்பது இதுதான் முதல் தடவை, புள்ள.